வாராவாரம் நடவு

எங்கள் வீட்டில் சுற்றுலாவால் அதிகம் பலன் அடைந்தது யார் என்று கேட்டால், மாடு என்றுதான் சொல்வேன்.

பாகூர் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு நெல் வயல், மற்றதெல்லாம் கரும்பு. வயலை ஒட்டி என் வீட்டுக்காரர் இரண்டு அறை கட்டி, சனி ஞாயிறுகளில் பெங்களூர்க்காரர்களைத் தங்க வைக்கிறார். வருகிறவர்களுக்குப் பக்கத்திலிருக்கும் கடலைவிடச் சேறுதான் பிடித்திருக்கிறது. நாற்று நட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். அவர்கள் கிளம்பியதும் நடவுக்கார அக்கா வந்து நட்டதையெல்லாம் பிடுங்கி மாட்டுக்குப் போடுவாள். அடுத்த சனிக்கிழமைக்கு வயல் காலியாக வேண்டுமே! இப்படியே ஐந்து வருடம். நடவுக்குக் கணக்கில்லை, அறுப்பு ஒன்றுகூட இல்லை. வயல் வைத்துக்கொண்டு பொங்கலுக்குக் கடையில் அரிசி வாங்கும் வெட்கத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விருந்தாளிகள் வருவது நின்றுபோனது. கடைசியாக வந்த குடும்பம் கோணல்மாணலாக நட்ட நாற்று அப்படியே தூர் கட்டி, மார்கழி பிறந்ததுமே கதிர் விட்டது. தினமும் போய்ப் பார்த்து நின்றேன். அப்போது போன் வந்தது. பொங்கலுக்குப் பன்னிரண்டு பேர் நடவுக்கு வருகிறார்களாம்.

"அக்காவக் கூப்டு, புடுங்கிடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"கதிரு வந்ததப் புடுங்குவியா? இன்னா மனுஷன்யா நீ!" அன்றைக்கு மரியாதை போய்விட்டது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு கல்லூரிப் பெண் படிவத்தோடு வந்தாள். சுற்றுலா வந்து இத்தனை வருடத்தில் ஊர் மக்களின் பிழைப்பு எப்படி மாறியிருக்கிறது என்று ஆய்வாம்.

"சார், விளைச்சல் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

"நடவு கூடிப்போச்சும்மா."

"விளைச்சல் சார்?"

அவர் மாட்டைப் பார்த்தார். நான்தான் வாயைத் திறந்தேன். "அஞ்சு வருஷமா ஒரு நெல்லு வூட்டுக்கு வரல. எழுதிக்கோ." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நெல்லுக்காக அழுவேன் என்று நானே நினைக்கவில்லை. அந்தப் பெண் படிவத்தில் விளைச்சல் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பொங்கல் கழித்து வருவதாகச் சொல்லி நழுவினாள்.

மறுநாள் காலையில் டிராக்டர் சத்தம். என் வீட்டுக்காரர் கார் நிறுத்தும் இடத்தை உழுதுகொண்டிருந்தார்!

"இன்னாங்க இது?"

"இனிமே நடவு இங்கதான். காரு ரோட்ல நிக்கட்டும்."

வயல் தப்பியது. பொங்கலுக்கு முன்பே அக்காவும் நானும் அறுத்தோம். வரிசையே இல்லாத நடவு, கதிரைத் தேடித் தேடி அறுக்க வேண்டியிருந்தது. அக்கா பெங்களூரை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

பொங்கலன்று பன்னிரண்டு பேரும் கார் நிறுத்துமிடத்தில் ஆனந்தமாக நட்டார்கள். ஒருவர் மண்ணை அள்ளி முகர்ந்து, "கிராமத்து வாசனையே தனி" என்றார். அது டீசல் வாசனை. எனக்கு அடுப்பில் வேலை இருந்தது, எங்கள் வயல் அரிசிப் பொங்கல்.

பொங்கல் கழித்து அந்தப் பெண் வந்தாள். விளைச்சல் கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது. நான் பேசுவதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"ஒரு பானை பொங்கல்னு எழுதும்மா."