கேமராவுக்குப் பக்கத்தில் ஓர் அஞ்சறைப்பெட்டி

காளஹஸ்திக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே காய்ந்த மிளகாயால் பாலம் கட்டியவள் நான். சரி, கொஞ்சம் தூக்கலாகத்தான் சொல்லிவிட்டேன். கட்டியவள் கீழ்வீட்டு அலர்மேல்மங்கை. மிளகாய் மட்டும் என் டப்பாவிலிருந்து போனது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் மாடிப்படி ஏறி வருகிறது: "மொதல்ல அடுப்பங்கரைக்குப் போம்மா. காஞ்ச மொளகா இருக்குதா பாரு. ரெண்டு எடுத்தாந்து கையில வச்சிக்கினு உக்காரு. அப்பறம் பேசலாம்." மறுமுனையில் புனேயிலோ துபாயிலோ உட்கார்ந்து துணி வாங்க வந்த யாரோ ஒருவர். துணிக்கும் மிளகாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார். எல்லோரும் கேட்பார்கள்.

அலர்மேல்மங்கைக்கு நாற்பத்தாறு வயது. கலம்காரி எழுதுகிறாள். மூங்கில் குச்சியால் துணியில் மயிலும் கொடியும் வரைந்து, வேரிலும் இலையிலும் எடுத்த சாயத்தை ஏற்றுகிற வேலை. பெருவிரல் நகம் எப்போதும் கருப்பு, சுண்டுவிரல் நகம் நீலம். கோயில் குருக்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, விபூதியை எட்ட நின்று தூக்கிப் போடுகிறார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவள் நான்.

கூடத்தில் ஒரு பக்கம் சாயச் சட்டிகள், மறுபக்கம் கம்ப்யூட்டர். மூடிவிட்ட ஒரு நெட் சென்டரிலிருந்து வந்த பழைய பெட்டி அது. விசைப்பலகையில் பாதி எழுத்துகள் தேய்ந்துபோய், எது எங்கே என்று அவள் விரலுக்கு மட்டும்தான் தெரியும். திரைக்கு மேலே ஒரு துணிக்கொடி. அதில் இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெப்கேமரா தொங்குகிறது. அதற்கென்று வந்த பிடி இரண்டாவது வாரமே உடைந்துவிட்டது. மின்விசிறி ஓடினால் கேமரா ஊஞ்சலாடும். வாடிக்கையாளர்களுக்கு வீடே படகில் போவதுபோல் தெரியும். அதனால் பேச்சு முடியும்வரை விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டே வியாபாரம் செய்வாள். முடிந்ததும் கேமராவை முந்தானையால் துடைத்து, தைத்து வைத்திருக்கும் ஒரு சின்னக் குல்லாயை மாட்டிவிடுவாள். "சும்மா முழிச்சிக்கினே இருந்தா கண்ணு கெட்டுடும் ஆயா" என்பாள், மாடிவீட்டுக் கிழவியான என்னிடம். ஆயுத பூஜையன்று அதன் கண்ணிலேயே குங்குமம் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் ஒரு வாரம் எங்கள் தெருவில் பொழுதே விடியவில்லை. கேமரா வழியே பார்த்தவர்களுக்கெல்லாம் அந்தி வானம்தான்.

போனில் பேசினால் ஆகாதா என்று கேட்காதீர்கள், நானும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் போன் ஒருநாள் இரும்பும் வெல்லமும் ஊறப்போட்ட கருப்புச் சாயச் சட்டியில் குதித்தது. எடுத்துத் துடைத்தபோது எல்லாம் பிழைத்தன, கேமரா மட்டும் பிழைக்கவில்லை. "இன்னொன்னு கேளுங்க. துணிய ரெண்டு கையாலயும் விரிச்சிப் புடிக்கணும். போன எந்தக் கையால புடிக்கிறது? பல்லாலயா?" என்றாள்.

கேமராவைத் திருப்பதியில், பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் இருக்கும் ஒரு சின்னக் கடையில் வாங்கினாள். கடைக்காரன் கமலக்கண்ணன் பேருக்கேற்றபடி நல்ல கண்ணுள்ள பையன். விற்கிற கேமராக்களுக்குத்தான் கண் சரியில்லை. முதலில் வாங்கியதில் முகம் நான்கு துண்டாகத் தெரிந்தது. மாற்றிக் கொடுத்ததில் முகம் ஒன்றாகத் தெரிந்தது, தலைகீழாக. மூன்றாம் தடவை போனபோது பஸ் கண்டக்டர் அந்தக் கேமராவுக்குத் தனி டிக்கெட் கேட்டார் என்றால் நம்பமாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். ஆனால் கமலக்கண்ணன் தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னது நிஜம், பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அட்ஜஸ்ட் சேஸ்கோ அக்கா. இந்த வெலைக்கு மூஞ்சி தெரியுதே, அதுவே பெருசு."

"நான் மூஞ்சிய விக்கலப்பா. துணிய விக்கிறேன்."

மூன்றாவது கேமராவில் முகம் நேராகவும் முழுசாகவும் தெரிந்தது. துணியின் பூ வேலைகூடப் பளிச்சென்று விழுந்தது. நிறம் மட்டும் ஒருமாதிரி இருந்தது. அவள் திரையோ கிழடு, எதைக் காட்டினாலும் பழுப்பாகத்தான் காட்டும். ஆகவே குற்றம் திரையுடையது, பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் போய்ச் சேருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னேன். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில் வந்தவள்தான் சந்தியா. சித்தூரில் பிறந்தவள், மெல்போர்னில் குடியிருக்கிறாள். தம்பி கல்யாணத்துக்கு வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி துப்பட்டா போடவேண்டும், மொத்தம் இருபத்துநாலு என்றாள். அலர்மேல்மங்கை மஞ்சிட்டி வேரில் கொதிக்கவைத்த சிவப்புத் துப்பட்டா ஒன்றை விரித்துக் காட்டினாள். "அக்கா, இதே கலர்! இதேதான் வேணும்!" என்று சந்தியா கத்தியது மாடிக்கே கேட்டது. அவ்வளவு பெரிய ஆர்டர் அந்தக் கூடத்துக்கு அதுவரை வந்ததில்லை. கூட வேலைசெய்யும் இரண்டு பெண்களுக்கும் இரண்டு மாதத்துக்கு வேலை உறுதி. அன்று தெருவுக்கே கேசரி.

எட்டுத் துப்பட்டாக்கள் முடிந்து கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது சந்தியாவிடமிருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. அன்றைய பேச்சின்போது தன் திரையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டது. "சொந்தக்காரங்க எல்லாருக்கும் இந்தக் கலரைக் காட்டிட்டேன் அக்கா, எல்லாருக்கும் புடிச்சிருக்கு" என்று கீழே எழுதியிருந்தாள். படத்தில் அலர்மேல்மங்கை சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கையில் அதே மயில், அதே கொடி. துணி மட்டும் நல்ல கத்திரிப்பூ நிறம்.

போனைத் தூக்கிக் கொடியிலிருந்த துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"ஆயா, இந்தக் கலர நான் போடவேயில்லயே. யார் போட்டது?"

அடுத்த இரண்டு நாள் அந்தக் கூடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. சிவப்பின்மேல் அவுரி நீலத்தை ஏற்றிப் பார்த்தாள். செத்த எலியின் நிறம் வந்தது. அவுரிமேல் சிவப்பை ஏற்றிப் பார்த்தாள்; வாடின கத்திரிக்காய். எட்டாவது முயற்சியில் அசல் கத்திரிப்பூ ஒரு முழத் துண்டில் வந்துவிட்டது. ஓடிப்போய்க் கேமராவுக்கு முன்னால் விரித்து, படம் பிடித்து, தன் போனுக்கு அனுப்பிப் பார்த்தாள். கேமரா அதைச் சாம்பலாக்கிவிட்டது. சிவப்பைக் காட்டினால் கத்திரிப்பூ, கத்திரிப்பூவைக் காட்டினால் சாம்பல். அந்த அசல் கத்திரிப்பூவும் அடுத்த முழத்தில் திரும்ப வரவேயில்லை. உண்மையைச் சொன்னால் ஆர்டர் போகும். சொல்லாமல் அனுப்பினால், கல்யாண வீட்டில் பார்சலைப் பிரிக்கும்போது பேர் போகும்.

நான் ஒரு வழி சொன்னேன். "ஆஸ்திரேலியாவில் வெயில் தலைகீழாக அடிக்கும், அதில் கலர் மாறிவிட்டது என்று சொல்லிவிடேன்."

"பொய்யி சொல்றது உங்க வேல ஆயா, எனக்கு வராது. நான் சொன்னா மூஞ்சி காட்டிக்குடுத்துடும். இந்தப் பாழாப்போன கேமராவுல மூஞ்சி ஒன்னுதான் ஒழுங்கா தெரியுது."

மறுநாள் காலை சந்தியாவே கூப்பிட்டாள். விசிறியை நிறுத்திவிட்டு, கேமராவின் குல்லாயைக் கழற்றி, அலர்மேல்மங்கை எதிரே நின்றாள். கை இரண்டிலும் சிவப்புத் துப்பட்டா. "சந்தியாம்மா, ஒரு வெசயம். இது செவப்பு."

"போங்க அக்கா, கத்திரிப்பூ. நான்தான் பாக்குறேனே."

"இல்லம்மா, செவப்பு."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது அக்கா!"

இப்படியே நாலைந்து முறை. சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு, எவ்வளவு சிவப்பு என்று வாயால் எப்படிச் சொல்வது? அலர்மேல்மங்கை துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். டப்பாக்கள் உருளுகிற சத்தம். திரும்பி வந்து, "ஆயா, எங்கூட்டுல காலி. உங்க ஊட்டுல காஞ்ச மொளகா இருக்குதா?" என்றாள். நான் மாடிக்குப் போய் ஒரு பிடி அள்ளி வந்து கொடுத்தேன். ஒன்றைத் துணிமேல் வைத்துக் கேமராவுக்குக் காட்டினாள்.

"அது இன்னா அக்கா, கத்திரிக்கா வத்தலா?"

"பாத்தியா? இங்கதான் வெசயமே இருக்குது. இது காஞ்ச மொளகா. என் கேமரா மொளகாயவே கத்திரிக்காயா ஆக்கிக்கினு இருக்குதும்மா. நீ உன் அடுப்பங்கரைக்குப் போ. உன் மொளகாய எடுத்தாந்து கையில வச்சிப் பாரு. அந்தக் கலருதான் என் துணி. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

சந்தியா எழுந்து போனாள். திரையில் காலி நாற்காலி. அங்கேயும் டப்பா திறக்கும் சத்தம், மெல்போர்ன் டப்பாவும் நம் ஊர் டப்பா மாதிரியேதான் சத்தம் போடுகிறது. திரும்பி வந்தவள் உள்ளங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மிளகாயை விரலால் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். இங்கே அலர்மேல்மங்கையின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிவரை வந்து நின்றது. துடைக்கவில்லை, கையில் துணி.

"இருங்க அக்கா. பொண்ணோட கூறப்புடவை இங்கதான் இருக்குது, அதுமேல வச்சிப் பாக்குறேன்" என்று மறுபடி எழுந்து போனாள். உள்ளே பெண்கள் பேசும் சத்தம், யாரோ தும்மும் சத்தம், சிரிப்பு. சந்தியா ஓடி வந்தாள்.

"அக்கா! கத்திரிப்பூவவிட இதுதான் புடவைக்கு எடுப்பா இருக்குது. இருபத்துநாலும் மொளகாக் கலர்லயே போடுங்க. எனக்கு மட்டும் ஒன்னு அந்தக் கத்திரிப்பூவுல கெடைக்குமா?"

"அது எங்கிட்ட கெடையாதும்மா. அது கேமராக்காரன் போட்ட சாயம்" என்றாள் அலர்மேல்மங்கை. எட்டாவது முயற்சியில் வந்த முழத் துண்டை அதற்குள் சட்டி இறக்கும் துணியாக்கிவிட்டிருந்தாள்.

அன்றிலிருந்து கேமராவுக்குப் பக்கத்தில் ஓர் அஞ்சறைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. சிவப்புக்குக் காய்ந்த மிளகாய், மஞ்சளுக்குத் துவரம்பருப்பு, பழுப்புக்குப் பழம்புளி. கருப்புக்குப் பெட்டியில் எதுவுமில்லை. "தோசக்கல்லத் திருப்பி அடியப் பாரும்மா" என்பாள். நீலத்துக்கு அடுக்களையில் ஆள் கிடையாது. அதற்கு மட்டும், இன்னும் ஒருமுறைகூடத் தோய்க்காத புது ஜீன்ஸ் பேன்ட்டு. புனேயில் தனியாக இருக்கும் ஒரு பையனின் அடுக்களையில் தோசைக்கல் தவிர ஒன்றுமே இல்லையாம், பாவம், அம்மாவுக்குக் கருப்புப் புடவையாகவே வாங்கி அனுப்பினான். இதில் பாதி என் சரக்கு. எந்தப் பாதி என்று சொல்லமாட்டேன்.

போன தீபாவளிக்குக் கமலக்கண்ணன் கூப்பிட்டு, நிறமெல்லாம் அச்சாக விழுகிற நல்ல கேமரா வந்திருக்கிறது, விலையில் பார்த்துச் செய்கிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டாள். "இது சொல்ற பொய்யி எனக்குப் பழகிப்போச்சி. புதுசு இன்னா பொய்யி சொல்லும்னு யாருக்குத் தெரியும்?" வெளியூர் பார்சல் கட்டும்போது, துணியின் கடைசி மடிப்பில் ஒரு மிளகாயையும் வைத்துக் கட்டுகிறாள். எதற்கு என்று கேட்டேன். "சரி பாத்துக்கட்டும்னுதான்" என்றாள்.

எழுதியதை எடுத்துக்கொண்டு கீழே போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். மயிலின் கழுத்துக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. விபூதி வந்த இடத்தில் சிரித்தாள். ஆஸ்திரேலிய வெயில் வந்த இடத்தில் இன்னும் சிரித்தாள். முடித்ததும், முதல் பத்தியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். குச்சியைக் காதில் செருகிக்கொண்டாள். அஞ்சறைப்பெட்டியை மூடி, என் கைக்கு எட்டாத பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"உங்க டப்பாவுலருந்து போச்சின்னா எழுதியிருக்கீங்க? அது எங்கூட்டு மொளகா ஆயா. பொங்கலுக்கு ஊறுகா போடணும்னு டப்பாவோட வாங்கினு போனீங்களே, அதுலருந்து ஒரு புடிதான் அன்னிக்குத் திரும்பி வந்துச்சி. டப்பா இன்னும் வரல."