சனிக்கிழமை மட்டும் ஓடாத சைக்கிள்

பாகூரைச் சுற்றிச் சர்க்கரை நோய் இருப்பவர்கள் எல்லோருக்கும் என் மனைவி கல்பனாவைத் தெரியும். காலை ஆறு மணிக்கு வாசலில் சைக்கிள் பெல் கேட்டதும், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெளியே வருவார்கள். ரத்தம் எடுக்க ஊசி குத்துவதற்கு முன்னால் அவள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "நேத்து ராத்திரி இன்னா சாப்ட்டீங்க?" ரெண்டு சப்பாத்தி என்று சொல்பவர் வீட்டில் பிரியாணி வாசனை இன்னும் போயிருக்காது. கல்பனா ஒரு பார்வை பார்ப்பாள், அவரே உண்மையைச் சொல்லிவிடுவார்.

நான் மணிவண்ணன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பம்ப்செட் மோட்டார், கிரைண்டர், மிக்சி என்று எது புகைந்தாலும் என்னிடம்தான் வரும். இருபத்திரண்டு வருஷமாக மோட்டாரோடுதான் குடித்தனம். மோட்டாரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிரும் கொஞ்சம் உண்டு. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்றுதான் சொல்லப்போகிறேன்.

ஆறு வருஷம் கல்பனாவை வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டது என் பைக்தான். சேலியமேடு, அரங்கனூர், குருவிநத்தம், பரிக்கல்பட்டு எல்லாம் சுற்றிவிட்டு, ஒன்பது மணிக்குள் ரத்தம் எடுத்த குழாய்களை லேபில் சேர்த்த பிறகுதான் நான் கடையைத் திறப்பேன். ஸ்கூட்டி வாங்கலாம் என்று லைசென்ஸுக்குப் போனாள். எட்டுப் போடச் சொன்ன இடத்தில் இரண்டு தடவையும் காலை ஊன்றிவிட்டாள். மூன்றாவது தடவை போகவில்லை. "எட்டுப் போட்டுக்கினு எந்த ஊருக்குங்க போறாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் போன வருஷம் கன்னியக்கோவிலில் நசீர் பாய் கடையில் கிடைத்தது. மோட்டார் வைத்த சைக்கிள். லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், புருஷனும் வேண்டாம்.

முதல் மாதம் அவள் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். கரும்பு லாரி ஒன்று அவளை உரசுகிற மாதிரி போனது என்று கேள்விப்பட்ட அன்று திருஷ்டி கழித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். அதிலிருந்து வெள்ளிக்கிழமை சாயந்திரம் விளக்கேற்றியதும், ஒரு எலுமிச்சம்பழம், நான்கு பச்சை மிளகாய் கோத்து சைக்கிளுக்கு நானே கட்டிவிடுவேன். கல்பனாவுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. "சரி, கட்டிக்கோங்க" என்பாள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் போன் வந்தது. ஏரிக்கரையில் மேடு பள்ளத்தில் மோட்டார் விட்டு விட்டு இழுக்கிறது, பிறகு சுத்தமாக நின்றுவிடுகிறது என்றாள். நான் பைக்கில் போனேன். சைக்கிளை ஒரு வீட்டுச் சுவரோரம் பூட்டிவிட்டு, மீதி வீடுகளுக்கு அவளை ஏற்றிக்கொண்டு போனேன். லேபுக்குப் போகும்போது ஒன்பதே முக்கால்.

அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. அதற்கடுத்த சனிக்கிழமை இன்னும் மோசம். அரங்கனூர் சின்னப்பிள்ளைப் பெரியவர் எட்டு மணி வரை பார்த்துவிட்டு, பசி தாங்காமல் நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டார். அதைச் சொல்லவும் இல்லை. சர்க்கரை முந்நூற்றுப் பத்து என்று ரிப்போர்ட் வந்ததும், லேபுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார்.

லேப் வைத்திருக்கும் புகழ்வேந்தன் நல்ல பிள்ளை. ஆனாலும் தொழில் தொழில்தானே. "கல்பனாக்கா, இன்னொரு சனிக்கிழம லேட் ஆச்சின்னா இந்த ரூட்டுக்கு வேற ஆளப் போட்டுடுவன். தப்பா நெனச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டான். அந்த வேலை அவளுக்குச் சம்பளம் மட்டும் இல்லை. பத்து ஊரில் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைக்கிறார்கள். அது போய்விடும் என்று பயந்தாள்.

நான் சும்மா இருப்பேனா? மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேட்டரி நாற்பத்தொரு வோல்ட் காட்டியது, அது முழுச் சார்ஜ். ஸ்டாண்டு போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றினால் தடையில்லாமல் சுற்றியது, பிரேக் கட்டை எங்கும் உரசவில்லை. வயர் ஜாயின்ட் எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்து மாட்டினேன். ஆக்சிலேட்டரை முறுக்கினால் மோட்டார் பாட்டுப் பாடியது. அப்படியானால் கோளாறு மோட்டாருக்குள் காயிலில்தான் என்று முடிவு கட்டினேன். எனக்குத் தெரிந்தது காயில்தானே. ஸ்பேனரை எடுத்தபோது கல்பனா குறுக்கே வந்து நின்றாள்.

"அதும் மேல கைய வெக்காதீங்க. வாத்தியார் புள்ள மக்கு, வைத்தியர் புள்ள சீக்குன்னு ஊரே சிரிக்கும்."

வியாழக்கிழமைதான் நசீர் பாய்க்குக் கை ஒழியும். அந்த வியாழன் எடுத்துக்கொண்டு போனோம். அவர் கடைத்தெருவில் நான்கு ரவுண்டு ஓட்டினார், வேண்டுமென்றே பள்ளத்தில் எல்லாம் விட்டார். சைக்கிள் சிட்டாகப் பறந்தது. "அண்ணே, இதுல ஒண்ணுமே இல்ல. நீங்கதான் டயர்ட் ஆயிட்டீங்க போல" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் கொடுத்த டீயைக் குடிக்காமல் வந்தேன்.

நான்காவது சனிக்கிழமை ஆறரைக்குப் போன் வந்தது. ஏரிக்கரையில் அதே இடம். நான் போய்ச் சேர்ந்தபோது கல்பனா சைக்கிளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நோயாளியைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அவளுடைய நோட்டு. யாருக்கு எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தாள் என்று அதில் எழுதியிருக்கும்.

"ஏறு, மணியாவுது" என்றேன்.

"இருங்க. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஒரு நாளும் லேட் இல்ல. சனிக்கிழம மட்டும் லேட். அன்னிக்கும் லேப் முடிச்சிட்டு வந்து எடுத்தா, நின்னு நின்னு வந்து வீடு சேர்றதுக்குள்ள சரியாயிடுது." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நேத்து ராத்திரி இதுக்கு இன்னா குடுத்தோம்?"

"சார்ஜ் போட்டோம். தெனமும்தான் போடறோம்."

"அது தெனமும். வெள்ளிக்கிழம மட்டும் இன்னா?"

அவள் கண் எலுமிச்சம்பழத்துக்குப் போய்விட்டது. முன்னெல்லாம் ஹேண்டில் நடுவில் கட்டுவேன்; அது விளக்கை மறைக்கிறது என்று ஐப்பசியில்தான் இடது கைப்பிடிக்கு மாற்றி, பிரேக்கோடு சேர்த்துக் கட்டினேன். காயில் கட்டும் நூலால், காயில் கட்டும் கையால் போட்ட கட்டு. என் கட்டு அசையாது என்று எனக்கு எப்போதும் பெருமை. பையிலிருந்து கத்திரியை எடுத்து நூலை வெட்டினாள். பிரேக் பிடி ஒரு நெல்மணி அளவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்தது.

"பிரேக் புடிச்சா மோட்டார் தானா நின்னுடும்னு வாங்கனப்பவே நசீர் பாய் சொன்னாரு. உள்ள ஒரு சுவிட்ச் கீதாம். நீங்க அப்ப அவருக்குக் காயிலப் பத்திக் கிளாஸ் எடுத்துக்கினு இருந்தீங்க."

நின்ற இடத்திலிருந்தே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புதுக் கட்டு பிடியைச் சுவிட்ச் தொடும் தொடாத இடத்தில் இழுத்து வைத்திருக்கிறது. ஸ்டாண்டில் ஓடும். பள்ளத்தில் பழம் ஆடினால் சுவிட்ச் பட்டு மோட்டார் அணைந்துவிடும். அதற்கப்புறம் ஓட்ட ஓட்ட, பிரேக் பிடித்துப் பிடித்து நூல் தளர்ந்ததும் சரியாகிவிடும். வியாழக்கிழமை வரும்போது கட்டு தொளதொளவென்று ஆகியிருக்கும். நசீர் பாய் எப்படிக் கண்டுபிடிப்பார்?

கல்பனா ஏறி உட்கார்ந்து முறுக்கினாள். மேடு பள்ளம் எல்லாம் ஒன்றுதான் என்பது போல் சைக்கிள் போனது. எட்டு ஐம்பதுக்கு லேபில் பெட்டியை வைத்தாளாம். புகழ்வேந்தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பட்டியலை அவள் கையில் கொடுத்தானாம்.

அன்று சாயந்திரம் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "உண்மையச் சொல்லுங்க. வேணும்னே கட்டினீங்களா?"

"சத்தியமா இல்ல. எனக்கு அந்தச் சுவிட்சே தெரியாது."

அவள் அதே பார்வையைப் பார்த்தாள். பிரியாணிக்காரர்களைப் பார்க்கும் பார்வை. என்னால் தாங்க முடியவில்லை.

"வேணும்னு கட்டல. ஆனா சனிக்கிழம போன் வந்தா எனக்குச் சந்தோஷமா இருந்துச்சி" என்றேன்.

உண்மைதான். ஆறு வருஷம் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள். யாருக்குச் சர்க்கரை ஏறியது, யார் மருமகளோடு பேசுவதில்லை, எந்த வீட்டில் நாய் குட்டி போட்டது, எல்லாம். சைக்கிள் வந்த பிறகு அதெல்லாம் நின்றுபோனது. எனக்கு அது ரொம்பக் குறையாக இருந்தது. அவள் வேலையே போக இருந்த நேரத்தில் நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. அதையும் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். "எனக்குக் கத சொல்ல ஆள் இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த சனிக்கிழமை ஆறரை ஆனது, ஏழு ஆனது, போன் வரவில்லை. கடையைச் சீக்கிரமே திறந்து, ஒரு பம்ப் மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு நானே அடித்தேன்.

"இன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல. எப்பிடிப் போவுது?"

"நல்லாப் போவுது. கைல ஊசி வெச்சிக்கினு நிக்கிறன், வைங்க."

வைத்துவிட்டேன். ஐந்து நிமிஷம் கழித்து அவளே அடித்தாள். காற்றுச் சத்தம் கேட்டது, எங்கேயோ சைக்கிளை ஓரமாக நிறுத்தியிருக்கிறாள்.

"கடயில ஆள் யாராச்சும் கீறாங்களா?"

"இல்ல."

"அப்பக் கேளுங்க" என்று ஆரம்பித்தாள். "நம்ப சின்னப்பிள்ளப் பெரியவர் இன்னிக்கு இன்னா பண்ணாருன்னு தெரியுமா..."