நுரை வராத வாளி

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல்லில் ஒரு வாட்டர் சர்வீஸில் கார் கழுவுகிறேன். ஷாம்பு கேனில், ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் பத்து லிட்டர் வாளிக்கு நூறு மில்லி. கூடினால் பெயிண்டில் திட்டு விழும் என்று அளந்துதான் ஊற்றுவேன். ஆனால் எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அழுக்கு போகும், நுரை எழும்பாது. நுரை இல்லாவிட்டால் எவரும் நம்புவதில்லை.

புதுக் கறுப்புக் காரோடு வந்த லாரி முதலாளி ஒருவர் வாளியை எட்டிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, வெறுந்தண்ணியா இருக்குது? ஷாம்பெல்லாம் உங்க ஊட்டுக்குப் போவுதாட்ட இருக்குது?"

நின்றவர்கள் சிரித்தார்கள். திருடன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார். நாங்கள் குடிக்கப் பிடித்து வைத்திருந்த காவிரித் தண்ணீரை இன்னொரு வாளியில் ஊற்றி, அவர் கண்ணெதிரே அதே நூறு மில்லியைக் கலந்து அடித்தேன். நுரை பொங்கி வழிந்தது.

"அட, மொதல்லயே இதுல கலக்கியிருக்கலாமில்லீங்க?" என்றார் அவர்.

திருட்டுப் பட்டம் போயிற்று. ஆனால் இப்போது வருகிறவர்கள் எல்லோரும் காவிரித் தண்ணீரில்தான் கலக்கச் சொல்கிறார்கள். குழாயில் அது என்றைக்கோ ஒருநாள் வருகிறது. நாங்கள் எதைக் குடிப்பது?

ஒருவழியாக எழுதி முடித்தது: ஆவணி 12, வெள்ளிக்கிழமை.