லியோனெல்-குறூவில் இடம் மாறவேண்டும்

மரியதாசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதை அவருடைய மனைவி சிசிலியே ஒப்புக்கொள்வார். ஆனால் இல்லாத ஒன்றை இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கதைப்பது பொய்யில் சேருமா, சேராதா என்பது அந்த வீட்டில் கலியாணம் கட்டிய நாள் முதல் தீராத வழக்கு.

ஆள் மன்னார். மொன்றியலுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து டவுன்டவுனில் ஒரு காலைச் சாப்பாட்டுக் கடையில் முட்டை பொரிக்கிறார். மஞ்சள் கரு உடையாமல், உடைத்து, அரைவாசி உடைத்து என்று வெள்ளைக்காரர் கேட்கிற கோலத்துக்கெல்லாம் பொரித்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் திரும்ப மெற்றோவில் ஏறுவார். கூட ஏறுபவர் அதே கடையில் கோப்பை கழுவும் இரவிச்சந்திரன்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுப் பனிக்காலத்தில் ஒருநாள், மெற்றோ சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் பிரெஞ்சில் ஏதோ விளக்கினாள். இருவருக்கும் விளங்கவில்லை. சும்மா இருக்கமுடியாத இரவிச்சந்திரன் தன் முழங்கால் வலியின் வரலாற்றை ஆரம்பித்தார். அது மரியதாசன் பலமுறை கேட்ட வரலாறு. அதைத் தடுக்க வேறு வழி தெரியாமல், எதிரில் ஒட்டியிருந்த மெற்றோ பாதைப் படத்தில் ஒரு ஸ்ரேசன் பெயரைப் பார்த்து, நீதவான் தீர்ப்புச் சொல்கிற குரலில், "ஸ்னோடன்" என்றார்.

"என்ன ஸ்னோடன்?"

"நான் சொல்லிப்போட்டன். இனி உம்மடை முறை."

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. வழி தெரியாவிட்டால் கேட்போம். விலை தெரிந்தாலும் கேட்போம். ஆனால் நாலு பேருக்குத் தெரிந்த ஒன்று தனக்குத் தெரியாது என்று மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டோம். இரவிச்சந்திரன் படத்தைக் கொஞ்சநேரம் ஆராய்ந்துவிட்டு, "அற்வாட்டர்" என்றார்.

மரியதாசன் உச்சுக்கொட்டினார். "பனிக்காலத்திலை அற்வாட்டரோ? சரி, உம்மடை விருப்பம்."

சீட்டில் துரும்பை வீணாகக் கொடுத்துவிட்டவனின் முகம் வந்தது இரவிச்சந்திரனுக்கு. அடுத்த நாள் அவர்தான் முதலில் தொடங்கினார்.

அந்த விளையாட்டுக்கு விதி என்று ஒன்றும் கிடையாது. தேவைப்படுகிறபோது தேவையான விதி வரும். பிரெஞ்சில் 'சென்' என்றால் புனிதர்; இரண்டு புனிதர்களை அடுத்தடுத்துச் சொல்லக்கூடாது என்றொரு விதி, இரவிச்சந்திரன் சென்-லோறனுக்குப் பின்னால் சென்-மிஷெலைச் சொன்ன அன்று பிறந்தது. புனிதர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவரவர் கோயிலடி ஆட்களுக்குள் சண்டை வரும்; நடுவில் பப்பினோ மாதிரி ஓர் அரசியல்வாதி வேண்டும். தவக்காலத்தில் பிளாஸ்-டெஸ்-ஆர் சொல்லக்கூடாது, அது கூத்துப் பார்க்கிற இடம். லியோனெல்-குறூ என்று சொன்னால் விளையாடுகிறவர்கள் எழுந்து இடம் மாறி இருக்கவேண்டும், ஏனென்றால் அங்கேதான் சனம் பாதை மாறுகிறது. கடைசியில் சரியான தருணம் பார்த்து வில்லா-மரியா என்று சொல்கிறவர் வென்றவர். மாதாவின் பெயருக்கு மேலே வேறு பெயர் இல்லை. சரியான தருணம் எது என்பது மரியதாசனுக்கு மட்டும் தெரியும். ஆகவே அவர் ஒருநாளும் தோற்றதில்லை.

கடையிலிருந்து அது கோயிலுக்குப் போயிற்று. பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும் ஆண்கள் இரண்டு இரண்டு பேராக நின்று ஸ்ரேசன்களைச் சொல்லிக்கொண்டார்கள். ஒருவர்கூட விதி என்னவென்று கேட்கவில்லை. ஊரிலேயே இதை விளையாடியிருக்கிறேன் என்று சொன்னவர்கள் இரண்டு பேர்.

இந்த நிலையில்தான் மகள் றொஷினியின் கலியாணப் பேச்சு வந்தது. பேச்சு என்றால், பெடியனும் பெட்டையும் பல்கலைக்கழகத்தில் சந்தித்து எல்லாவற்றையும் தாங்களே பேசி முடித்துவிட்டார்கள். பெடியன் டிலக்ஷன், நகருக்கு வெளியே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு. நல்ல பிள்ளை. ஒரேயொரு சிக்கல்: "அம்மா ஓமெண்டு சொல்லவேணும்" என்றான்.

அம்மா என்பது மாக்கிரட் ரீச்சர். யாழ்ப்பாணத்தில் கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவர். மூத்த மகனுக்குப் பார்க்கப்போன இரண்டு வீடுகளிலிருந்து, கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "சரி, யோசிச்சுச் சொல்லுறம்" என்று எழும்பி வந்தவர். பை மடிக்கு வந்தால் சம்பந்தம் முடிந்தது என்று கோயிலில் எல்லாருக்கும் தெரியும். அவருடைய கணவர் யோசெப், முப்பது வருடமாக வீட்டில் ஓம் என்ற ஒரு சொல்லைக் கொண்டே குடும்பம் நடத்தியவர்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து இரண்டாம் கிழமை அவர்கள் வருவதாக ஏற்பாடு. றொஷினி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. சிசிலி கணவரைக் குசினிக்குள் கூப்பிட்டு, மகளுக்கு முன்னால் வைத்தே சொன்னார்:

"இஞ்சை பாருங்கோ, வாயைத் திறக்கிறதெண்டால் றோல்ஸ் வைக்க மட்டும் திறவுங்கோ. உங்கடை மெற்றோ விசரை எல்லாம் அவையள் போனாப்பிறகு வைச்சுக்கொள்ளலாம்."

மரியதாசன் தலையாட்டினார். மனதார ஆட்டினார்.

வந்தார்கள். இருந்தார்கள். ரீச்சர் பையைக் காலடியில் வைத்தார். வீட்டை ஒருமுறை பார்த்தார். திரைச்சீலை, திருஇருதயப் படம், படத்துக்கு மேலே தூசி இருக்கிறதா என்பது. மரியதாசன் வாய் நிறைய றோல்ஸுடன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் மூவரும் குசினிப் பக்கம் போய் வட்டிலப்பத்தைப் பற்றிக் கதைத்தார்கள். டிலக்ஷன் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹோலில் கதைக்க மிஞ்சியது மரியதாசனும் யோசெப்பும் ஒரு பெரிய மௌனமும்.

மௌனம் மரியதாசனுக்கு ஒத்துக்கொள்ளாது. றோல்ஸும் முடிந்துவிட்டது. அவர் தனக்குத்தானே சொல்லுவதுபோல, மிக மெதுவாக, "பிளாமொண்டோன்" என்றார்.

யோசெப் நிமிர்ந்தார். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். "பீல்" என்றார்.

மரியதாசனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நல்ல பதில். "சென்-லோறன்." "பப்பினோ." இந்த மனிசன் புனிதருக்குப் பக்கத்தில் அரசியல்வாதியை வைக்கிறார்! யார் சொல்லிக்கொடுத்தது? ஒருவரும் இல்லை, தானாகவே வருகிறது. மகிழ்ச்சியில் மரியதாசன் எல்லாவற்றையும் மறந்து, "லியோனெல்-குறூ" என்று சொல்லிவிட்டு, கோப்பையுடன் எழுந்து நின்றார்.

யோசெப் ஒரு கணம் யோசித்தார். பிறகு அவரும் கோப்பையுடன் எழுந்தார். இருவரும் ஒருவரையொருவர் மரியாதையாகச் சுற்றிப்போய், இடம் மாறி இருந்தார்கள்.

குசினி வாசலில் மாக்கிரட் ரீச்சர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சிசிலியின் முகம், அதற்குப் பின்னால் வட்டிலப்பத் தட்டுடன் றொஷினி.

"ஏன் எழும்பி மாறி இருந்தனீங்கள்?"

யோசெப் வழக்கம்போல "ஓம்" என்றார். அது அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

"இது ஒரு விளையாட்டு, ரீச்சர்" என்றார் மரியதாசன்.

"அப்ப விதி என்ன?"

மூன்று வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. விதி இல்லை என்று சொன்னால் அவருடைய புருசனை வைத்து விசர்க்கூத்து ஆடியதாகிவிடும். மரியதாசன் தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லா விதிகளையும் சொன்னார்: புனிதர்கள், அரசியல்வாதிகள், தவக்காலம், இடம் மாறுதல், கடைசியில் வில்லா-மரியா. வினாத்தாள் திருத்துகிற முகத்தோடு ரீச்சர் கேட்டார். பிறகு கணவருக்குப் பக்கத்தில் வந்து இருந்து, "விளையாடுங்கோ, பாப்பம்" என்றார்.

இன்னும் நாலைந்து ஸ்ரேசன் ஓடியது. ரீச்சரும் நடுவில் இரண்டு சொன்னார், இரண்டும் சுத்தம். சிசிலி வாசலில் நின்றபடி கண்ணால் கெஞ்சினார்: தோற்றுப்போங்கோ. மரியதாசனுக்கும் அது விளங்கியது. தோற்கத்தான் நினைத்தார். ஆனால் தருணம் வந்துவிட்டது. அவ்வளவு அருமையான தருணம். வாய் தன்பாட்டில் திறந்தது.

"வில்லா-மரியா."

ரீச்சர் ஒரு சேலை மடிப்பைச் சரிசெய்தார்.

"சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ" என்றார்.

"மாதாவுக்கு மேலை ஒண்டும் இல்லை, ரீச்சர்."

"ஆர் சொன்னது? அது அன்னம்மாளின்ரை ஸ்ரேசன். மாதாவைப் பெத்த தாய். தாய் வந்து நிக்கேக்கை மகள் கதிரையிலை இருப்பாவோ?"

வேதத்தின்படி ரீச்சர் சொன்னது சரி. மரியதாசன் உள்ளே நொறுங்கினார். 'ஓம் ரீச்சர், நீங்கள் வெண்டிட்டியள்' என்று ஒரு வசனம். மகளின் கலியாணம் அந்த ஒரு வசனத்தில் நிற்கிறது. றொஷினி தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவரையே பார்க்கிறாள். அவர் வாயைத் திறந்தார்.

"செல்லாது" என்றார்.

ரீச்சரின் கை குனிந்து பையை எடுத்தது. பை மடிக்கு வந்தது. சிசிலி சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏன் செல்லாது?"

"அது மெற்றோ இல்லை, ரீச்சர். அங்கை போறது மேலாலை ஓடுற றெயின். வேறை ரிக்கெற். அன்னம்மாள் பெரிய ஆள்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா எங்கடை ரிக்கெற்றோடை அவவிட்டைப் போகேலாது." சொல்லும்போதே தன் குடும்பத்தைத் தானே கிணற்றில் தள்ளுகிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் விதி விதிதானே.

அப்போது யோசெப் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவர் சொல்லுறது சரி" என்றார். "அது வேறை ரிக்கெற்."

டிலக்ஷன் தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினான். தகப்பன் இத்தனை சொல்லை ஒரே மூச்சில், அதுவும் அம்மாவுக்கு எதிராகச் சொன்னதை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ரீச்சர் கணவரை, கடையில் புதிதாக வந்த சாமானைப் பார்ப்பதுபோல், மேலும் கீழும் பார்த்தார். பிறகு பையைத் திரும்பக் காலடியில் வைத்தார்.

"அப்ப முதலிலை இருந்து விளையாடுவம்" என்றார். "றொஷினி, அந்தத் தட்டைக் கொண்டுவாரும் பிள்ளை. கை நோகப்போகுது."

பொழுதுபடும்வரை விளையாடினார்கள். லியோனெல்-குறூவில் எல்லோரும் எழுந்து மாறி இருந்ததில் வட்டிலப்பம் ஒருமுறை கம்பளத்தில் விழுந்தது. கடைசியில் யார் வென்றார்கள் என்பதில் இன்றுவரை இரண்டு குடும்பத்துக்கும் இரண்டு கதை.

வெளிக்கிடும்போது, சப்பாத்துப் போட்டுக்கொண்டே ரீச்சர் சிசிலியிடம் தனியாகச் சொன்னார்.

"உண்மையைச் சொல்லுறன். உங்கடை மனிசன் வந்ததிலையிருந்து எல்லாத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாப்போச்சு. எங்கடை வீட்டிலை அப்பிடி ஒராள் ஏற்கெனவே இருக்கிறார். சம்பந்தியும் அப்பிடியெண்டால் நான் ஆரோடை வாய் குடுக்கிறது? ஆவணியிலை கலியாணத்துக்குக் கோயிலைக் கேப்பமோ?"

சிசிலிக்குக் கண் கலங்கிவிட்டது. றொஷினி குசினிக்குள் ஓடிப்போய் மிச்சமிருந்த றோல்ஸ் எல்லாவற்றையும் தின்றாள்.

வாற ஞாயிறு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்கு வரும்படி அழைப்பு. கார் இல்லையென்றால் மெற்றோவில் கடைசிவரை வந்து, பிறகு பஸ் பிடிக்கவேண்டும் என்று ரீச்சர் வழி சொன்னார். மரியதாசன் கதவைப் பிடித்துக்கொண்டு, மிகுந்த யோசனையோடு, "பஸ் எண்டால், ரீச்சர், வழியிலை இருக்கிற பஸ் தரிப்புகளையும்..." என்று இழுத்தார். சிசிலி பின்னாலிருந்து அவருடைய விலாவில் கிள்ளினார்.

ரீச்சர் படியில் பாதி இறங்கியிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"பஸ்ஸுக்கு வேறை விதி" என்றார். "ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன்."