ஊரே பார்த்த என் அடையாள அட்டை

காலையில் சாவகச்சேரி பஸ்ஸில் பேர்ஸைத் தொலைத்தேன். உடனே வங்கி அட்டையை முடக்கி, பொலிஸிலும் முறைப்பாடு கொடுத்துவிட்டு, இனிப் பயமில்லை என்றிருந்தேன்.

மத்தியானம் தோழி அழைத்தாள். "எடியே, உன்ரை ஐசி பேஸ்புக்கிலை ஓடுது!"

பேர்ஸைக் கண்டெடுத்த ஒருவர் என் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் படமெடுத்துப் போட்டிருக்கிறார். பெயர், முகவரி, இலக்கம், பிறந்த திகதி, எல்லாம் பளிச்சென்று! மேலே, "உரியவருக்குக் கிடைக்கும்வரை பகிருங்கள்." இதற்குப் பெயர் உதவியாம்.

அந்தப் பதிவிலேயே இருந்த அவருடைய தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன்.

"அண்ணை, முதல் உந்தப் படத்தை அழியுங்கோ. உதை வச்சு ஆரும் என்ரை பேரிலை சிம் எடுக்கலாம், கடனும் எடுக்கலாம்."

"என்ன தங்கச்சி, உதவி செய்தாலும் குற்றமே? எத்தினை பேர் பகிர்ந்திருக்கினம் தெரியுமே!"

"அதுதானண்ணை எனக்குப் பயம்!"

"சரி, அழிக்கிறன். ஆனா நீங்கள்தான் அந்த ஆள் எண்டு நான் எப்பிடி நம்புறது? இப்ப ஊரெல்லாம் ஏமாத்துக்காரர். உங்கடை ஐசியை ஒருக்காப் படமெடுத்து அனுப்புங்கோ."

அவர் போட்ட படத்தையே இறக்கி அவருக்கு அனுப்பினேன்.

"ஓம், நீங்கள்தான். வந்து பேர்ஸை எடுங்கோ," என்றார்.

உங்களில் யாராவது எனக்கு முன்பே அந்தப் படத்தை அனுப்பியிருந்தால், பேர்ஸ் உங்களுக்குத்தான் கிடைத்திருக்கும்.