பால் தாங்கியும் பேசாத மடிக்கணினியும்

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இயந்திரங்களோடு பேசிப் பார்ப்பது என் தொழில். என்னோடு பேசாமல் இருப்பது அந்த இயந்திரங்களின் தொழில்.

பி.எல்.சி. என்று ஒரு பெட்டி இருக்கிறது. தடித்த புத்தகம் அளவுதான். அரிசி ஆலையோ ஐஸ் தொழிற்சாலையோ, எந்த மோட்டர் எப்போது ஓடவேண்டும், எது எப்போது நிற்கவேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். பிழை வந்தால் அதற்குள் என்ன நடக்கிறதென்று பார்க்க, ஒரு கேபிளால் கணினியை அதோடு இணைக்கவேண்டும். சொல்வதற்குச் சுகமான வேலை. இதே தொழிலில் இருக்கும் சகபாவிகளே, "சாதனம் கண்டுபிடிக்கப்படவில்லை" என்று திரை சொல்லும் நேரத்தில், பின்னால் நிற்கும் முதலாளியின் பெருமூச்சு உங்கள் பிடரியிலும் பட்டிருக்கும்.

பக்கத்தில் இருப்பவர்

குருக்கள்மடம் பக்கம் ஒரு ஐஸ் தொழிற்சாலை. வெளியே மீன் பெட்டிகள் காத்துக்கிடக்கின்றன, உள்ளே ஐஸ் இல்லை. பி.எல்.சி. என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கணினியோ அப்படி ஒன்றைக் காணவே இல்லை என்று சாதிக்கிறது. கேபிளை மாற்றினேன். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடியும் ஏற்றினேன். கடைசியில் பார்த்தால், காலையில் மின்னஞ்சல் பார்ப்பதற்காகக் கைத்தொலைபேசியின் இணையத்தோடு இணைத்தது அப்படியே இருக்கிறது. கணினி கேபிளை விட்டுவிட்டு அந்தப் பக்கமாகவே இயந்திரத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

முதலாளி கோபிக்கவில்லை. நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பக்கத்தில இருக்கிற ஆள விட்டுப்போட்டு போனுக்குள்ள தேடியிருக்கு. எங்கட வீட்டிலயும் இதுதான் தம்பி பிரச்சின."

றிஸ்வானின் ஒரே கேள்வி

றிஸ்வான் என்னோடு வேலை செய்பவன், காத்தான்குடிக்காரன். நான் மாட்டிக்கொண்டால் அவனுக்கு அழைப்பேன், அவன் மாட்டிக்கொண்டால் எனக்கு அழைப்பான். நான் எவ்வளவு பெரிய கதையைச் சொன்னாலும் அவன் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: லைட் பத்துதா? கேபிள் செருகும் துளைக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு பச்சை வெளிச்சம் உண்டு. கேபிள் சரியாகப் பொருந்தினால் அது எரியும். எரியாவிட்டால் கணினியில் என்ன வித்தை காட்டியும் பயனில்லை. இது எனக்குத் தெரியாதா? படித்துவிட்டு வந்தவனிடம் பாலர் வகுப்புக் கேள்வி கேட்கிறானே என்று எரிச்சல் வரும். "பத்தும்டா" என்று சொல்லிவிடுவேன்.

அவன் விடமாட்டான். "பத்தும் எண்டு சொல்லாத மச்சான். பத்துதா எண்டு கேட்டன். குனிஞ்சி பாத்தியா?"

வெள்ளத்துக்கு அந்தப் பக்கம்

மாடுகளுக்குப் பொங்கும் பட்டிப் பொங்கலுக்கு அடுத்த நாள் காலை, கிரானுக்கு உள்ளே இருக்கும் ஒரு பால் சேகரிக்கும் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. பாலைக் குளிராக வைத்திருக்கும் தாங்கி வேலை செய்யவில்லை, சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. அடை மழைக்காலம். வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடியது. மோட்டார் சைக்கிளை இந்தப் பக்கம் விட்டுவிட்டு, உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, கணினிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர் புவனம் அக்கா. ஊர்ப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து நடத்துகிறார்கள், தாங்கி மட்டும் பால் கொம்பனிக்குச் சொந்தம். முன்பு ஒரு தடவை மின்சாரம் போய்ப் பால் கெட்டிருந்தது. இன்னொரு தடவை கெட்டால் தாங்கியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று கொம்பனி சொல்லியிருந்தது. தாங்கி போனால், வாசலுக்கு வரும் வியாபாரி சொன்னதுதான் விலை. இதை அக்கா சொல்லும்போது அன்றைய பாலில் பாதி தாங்கிக்குள், கறந்த சூட்டோடு இருந்தது. பின்னேரம் கொம்பனியின் பவுசர் லொறி வந்து பாலை ஏற்றும். அதற்குள் குளிராவிட்டால் பால் திரிந்துவிடும்.

நான் ஈரக் கையோடு கணினியைத் திறக்கப்போனேன். அக்கா ஒரு துவாயையும் ஒரு கோப்பையையும் நீட்டினார். "தலையத் துடை மனே. தேத்தண்ணியக் குடி. மறுகாப் பாப்பம்."

பங்கு

கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. தாங்கிக்கு மேலே மாவிலைத் தோரணம். மாடுகளுக்குப் பொங்கிய கையோடு தாங்கிக்கும் மரியாதை செய்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருந்தது. கதவைத் திறந்து, அடிப்பக்கத்துத் துளையில் கேபிளைக் கைத்தடவலில் செருகினேன். சாதனம் கண்டுபிடிக்கப்படவில்லை.

போனின் இணையத்தை நிறுத்தினேன், அந்தப் பாடம் படித்தாயிற்று. ஐ.பி. விலாசத்தைப் பார்த்தேன். கணினிக்கும் இயந்திரத்துக்கும் விலாசம் ஒரே ஒழுங்கையில் இருக்கவேண்டும், இருந்தது. வைரஸ் காவலை நிறுத்தினேன். கணினியை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. வாசலில் பெண்கள் பால் கான்களோடு நின்றார்கள். ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. திரும்பிப் பார்த்தபோது முற்றத்தில் அடுப்பு மூட்டியிருந்தது. தாங்கிக்குள் ஊற்றாத பாலைக் காய்ச்சித் தயிருக்கு உறை போட ஆயத்தம். என்னில் நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்து அக்காவுக்கு அது விளங்கிவிட்டது.

"வெளியில நிக்கிற பால நாங்க பாக்கிறம், உள்ளுக்குக் கிடக்கிற பால நீ பாரு. பங்கு போட்டா ஆருக்கும் பாரமில்லத்தானே மனே."

உள்ளுக்கு இருக்கிறவர்

றிஸ்வானுக்கு அழைத்தேன். கேட்டான். நீங்களே சொல்லுங்கள், என்ன கேட்டிருப்பான்? இந்தத் தடவை பேசாமல் முழந்தாளில் இருந்து, போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தேன். பி.எல்.சி.யின் அடிப்பக்கத்தில் பச்சை வெளிச்சம் எரியவில்லை. கேபிளைக் கழற்றினேன். துளைக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. விரலால் தொட்டு மணந்து பார்த்தேன். சந்தனம்.

அக்கா பின்னால் வந்து நின்றார். முகம் வெளிறிவிட்டது. நேற்றுச் சந்தனம் வைக்கும்போது மெயின் சுவிச்சை நிறுத்திப்போட்டுத்தான் கதவைத் திறந்தேன் என்று முதலில் அதைத்தான் சொன்னார். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. பாலைச் சோதிக்க வைத்திருந்த ஸ்பிரிட்டையும் ஒரு புதுப் பல்துலக்கியையும் கேட்டு வாங்கி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, துளையைச் சுத்தம் செய்யத் தொடங்கினேன். கதவோடு விட்டிருக்கலாமே அக்கா, உள்ளுக்கு ஏன் வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"கதவுக்கு வெச்சி என்ன மனே? வேல செய்யிறது உள்ளுக்கு இருக்கிறவர்தானே."

மூடி

மின்சாரத்தைப் போட்டுக் கேபிளைச் செருகியதும் பச்சை வெளிச்சம் எரிந்தது. கணினியும் இயந்திரமும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. நான் கத்திய கத்தலில் முற்றத்தில் இருந்தவர்கள் அகப்பையோடு ஓடி வந்தார்கள். ஆனால் தாங்கி இன்னும் குளிரவில்லை. சந்தனம் என்னைத்தான் தடுத்தது, தாங்கியை நிறுத்தியது வேறொன்று. திரையைப் பார்த்தால் காரணம் எழுதியிருந்தது: மூடி திறந்திருக்கிறது. மூடி திறந்திருந்தால் உள்ளே எதுவும் சுற்றக்கூடாது என்பது இயந்திரத்துக்குச் சொல்லிவைத்த சட்டம்.

மூடி பூட்டித்தான் கிடந்தது. ஏணியில் ஏறி விளிம்பைத் தடவிப் பார்த்தேன். தோரணத்திலிருந்து விழுந்த ஒரு மாவிலை மடிந்துபோய், மூடிக்கும் அதன் கீழே இருந்த சுவிச்சுக்கும் நடுவில் அகப்பட்டிருந்தது. இழுத்தெடுத்தேன். மூடி அமர்ந்தது, சிவப்பு விளக்கு அணைந்தது, தாங்கி உறுமத் தொடங்கியது. புவனம் அக்கா தாங்கியின் பக்கத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். எனக்கும் கண் கலங்கியது, சொல்ல வெட்கமில்லை.

"குளிருது பிள்ளையள்" என்றார். "குளிருது."

கொம்பனிக்குச் சொன்னது

கொம்பனி அலுவலர் தொலைபேசியில் வந்தார். என்ன காரணம் என்று கேட்டார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கையில் இன்னும் அந்த மாவிலை இருந்தது. மூடியின் சுவிச் சரியாக அமரவில்லை, இப்போது அமர்ந்துவிட்டது, பால் நன்றாக இருக்கிறது என்றேன். மூன்றும் உண்மை. அலுவலர் சரி என்று வைத்துவிட்டார். பின்னேரம் பவுசர் வந்து, சோதித்துப் பார்த்து, பாலை ஏற்றிக்கொண்டு போனது.

திரும்பும்போது என் மடியில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு தயிர்ச் சட்டி. இரவு உறைந்துவிடும், ஆட்டாமல் கொண்டுபோ என்று அக்கா தந்தது. உழவு இயந்திரத்தில், வெள்ளத்துக்குள், ஆட்டாமல்! ஏறி இருந்த பிறகு அக்கா கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார்: "மாவில எண்டு சொல்லியிருந்தா தாங்கியையும் கொண்டு போயிருப்பானுகள், எங்கட பொங்கலையும் நிப்பாட்டியிருப்பானுகள்."

அடுத்த பட்டிப் பொங்கல்

மறு வருடம் பொங்கலுக்கு வரச்சொல்லி அழைத்தார்கள், கணினியையும் கொண்டு வரச்சொன்னார்கள். ஏதோ பழுது என்று நினைத்து ஓடினேன். பழுது ஒன்றும் இல்லை. தாங்கி சத்தம் போட்டுக்கொண்டு நின்றது. தோரணம் வாசலில் இருந்தது, தாங்கிக்கு மேலே ஒரு இலையும் இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவில் மட்டும் ஒரு பொட்டு.

மாடுகளுக்கு வைத்து முடித்த சந்தனக் கிண்ணத்தோடு அக்கா என் கணினிக்கு முன்னால் வந்து நின்றார். நான் ஞாயிற்றுக்கிழமையில் மெதடிஸ்ட் ஆலயத்துக்குப் போகிறவன். இருந்தாலும் அந்தக் கையைத் தள்ள யாருக்கு மனம் வரும்? கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு துளையையும் எட்டிப் பார்த்து ஒதுக்கிவிட்டு, மூடியின் நடுவில் ஒரேயொரு பொட்டு வைத்தார்.

"பயப்பிடாத மனே. இவர் வாயால கதைக்கிறவர் எண்டு இப்ப எங்களுக்குத் தெரியும்."

இப்போதெல்லாம் எந்த ஊரில் என் கணினி இயந்திரத்தோடு பேச மறுத்தாலும், முதலில் குனிந்து பச்சை வெளிச்சத்தைப் பார்க்கிறேன், அடுத்ததாக நேற்று இங்கே என்ன விசேஷம் என்று கேட்கிறேன்.