வெறும் நாவல்கொட்டைப் பொடிதான்

சேலையூரில் கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. வாசலில் ஒரு நாவல் மரம். நாங்கள் வைத்ததல்ல, மனை வாங்கும்போதே நின்றது. ஜூன் கடைசியில் தெருவே ஊதாவாகிவிடும். பைக் சீட், கார் கூரை, எதிர்வீட்டம்மா போடும் கோலம் எல்லாவற்றிலும் கறை. வெட்டச் சொல்லிக் காலனிக் கூட்டத்தில் இரண்டு முறை பேச்சு வந்தது. இரண்டு முறையும் நான் எழுந்து, இது மரமல்ல, மருந்துக்கடை என்று பேசி எல்லோரையும் அடக்கினேன். பட்டைக் கஷாயத்தைக் கொப்பளித்தால் வாய்ப்புண் ஆறும். கொழுந்தை அரைத்து மோரில் குடித்தால் வயிற்றுப்போக்கு நிற்கும். கொட்டையைப் பொடித்துச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும். இந்த ஞானம் எனக்குப் பாதி வாட்ஸ்ஆப்பிலும் பாதி டிவியில் காலையில் வரும் வைத்தியரிடமும் கிடைத்தது.

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த வருடம், மாத்திரை எழுதப் போன டாக்டரிடம் மூன்று மாதம் தவணை கேட்டேன். கொட்டைகளைக் கழுவி மொட்டைமாடியில் காயவைத்து, மேல்தோலை நீக்கி, மிக்ஸியில் அடித்துச் சலித்தேன். மிக்ஸி பிளேடு போயிற்று என்று என் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. தினமும் காலையில் ஒரு ஸ்பூன். கூடவே ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன், முக்கால் மணி நேரம் நடந்தேன். சர்க்கரை இறங்கியது. புகழ் முழுவதையும் பொடிக்கே கொடுத்தேன். நடந்த காலுக்கு ஒரு பங்குகூடக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. அங்கே பொடி பாட்டில் என் மேஜைமேலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்று சாட்சி சொல்வதுபோல் சொல்வேன். கீழ்க்கட்டளையிலிருந்தெல்லாம் ஸ்கூட்டரில் வந்து பொடி வாங்கிப் போனார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘நாவல் சார்’ என்று பெயர். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தேன், உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஒன்றரை வருடத்தில் சர்க்கரை மறுபடி ஏறியது. இந்தத் தடவை டாக்டர் தவணை தரவில்லை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை எழுதினார். வாங்கினேன், விழுங்கினேன், யாரிடமும் சொல்லவில்லை. மேஜைமேல் இருந்த பாட்டிலையும் எடுக்கவில்லை. “ஊருக்குத்தான் உபதேசம்” என்றாள் மனைவி, சமையலறையில் மாத்திரைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே. எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் உடனே கோபம் வரும்.

எங்கள் மரத்து நிழலில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கும். அதை வைத்திருந்தவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். ஒரு நாள் காலை சட்டை வாங்கப் போனபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“சார், நமக்கும் சுகர்னுட்டாங்க. ஆஸ்பத்திரில மாத்திரை குடுத்துக்கீறாங்க. அத்த போட்டா வயிறு பொரட்டினு வருது. பேஜாரா கீது சார்.”

நான் உள்ளே போய் ஒரு பாட்டில் பொடி கொண்டுவந்து கொடுத்தேன். மோரில் கலந்து குடிக்கச் சொன்னேன். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

“நீங்க மாத்திரை எதுவும் போடுறது இல்லியா சார்? வெறும் இதானா?”

கேட்டது அவர் மட்டும்தான். தெருவில் வேறு யாரும் இல்லை. பெருமையடிக்க ஒரு கூட்டம்கூட இல்லை. நான் காலை மாத்திரையை விழுங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

“வெறும் இதுதான் அண்ணா” என்றேன்.

அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியும், அவரே வந்து சொன்னார். வயிறு நன்றாக இருக்கிறது, பொடி கேட்கிறது என்று சிரித்தார். டெஸ்ட் எடுத்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எடுப்பார், எடுத்தால் தெரிந்துவிடும். ராத்திரி ஜெபத்தில் ஆண்டவரிடம் இதைச் சொன்னேன். அவரிடம் சொல்வது சுலபம், திருப்பிக் கேள்வி கேட்க மாட்டார்.

அடுத்த வருடம் பழம் உதிர்ந்து முடிந்த சமயம். ஒரு காலையில் கேட்டுக்கு வந்து நின்றார்.

“கால்ல ஒரு புண்ணு சார். பட்டை தண்ணி புண்ண ஆத்தும்னு சொன்னீங்களே, கொஞ்சம் எடுத்துக்கட்டா?”

நான் சொன்னது வாய்ப்புண்ணுக்கு. அதைக்கூடத் திருத்தவில்லை. கத்தியை எடுத்துவந்து நானே பட்டையைச் செதுக்கிக் கொடுத்தேன். என்ன புண், எத்தனை நாளாக என்று கேட்கவில்லை, குனிந்து பார்க்கவும் இல்லை. தாம்பரத்தில் ட்ரெயினைப் பிடிக்க வேண்டும் என்று ஓடினேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வண்டி வரவில்லை. பிறகு அவர் மனைவி தனியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர்தான் சொன்னார். இஸ்திரிப் பெட்டியிலிருந்து தெறித்த கங்கு ஒன்று கணவரின் செருப்புக்குள் விழுந்திருக்கிறது. கால் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு உறைக்கவே இல்லை. வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். புண் உள்ளே இறங்கி, பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள்.

நான் அன்றே அவரைப் பார்க்கப் போகவில்லை. நான்கு நாள் போகவில்லை. காய்ச்சல் என்று லீவு போட்டேன். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை, வண்டியைத் தாண்டி நடக்கப் பயம். ஐந்தாம் நாள் என் மனைவி, “நீங்க போறீங்களா, இல்ல நான் போய்ச் சொல்லட்டுமா?” என்றாள். போனேன்.

ஒற்றை அறை. அவர் கட்டிலில் சாய்ந்து கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் மனைவி திரைக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் இருந்தார்.

“டாக்டர் செம திட்டு சார். மாத்திரைய யார் நிறுத்தச் சொன்னதுன்னு கேட்டாரு. யாரும் சொல்லல, நானே நிறுத்திட்டேன்னுட்டேன்.”

என் பெயர் அங்கே வரவில்லை என்று என்னைத் தேற்றுகிறார்.

“பொடி மேல தப்பு இல்ல சார்” என்றார். “உங்களுக்கு கேக்குது. நம்ப உடம்பு அப்டி, கொஞ்சம் லேட்டா கேக்கும். இப்ப குடுத்துக்கிற மாத்திரையும் அதே பொரட்டல்தான். கட்டு பிரிக்கட்டும், மறுபடி பொடிய ரெண்டு ஸ்பூனா போட்டுக்கலாம்னு இருக்கேன்.”

இன்னொரு கால் முழுசாக இருந்தது. அதில் ஐந்து விரலும் இருந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வேண்டாம் அண்ணா. மாத்திரையை விடாதீங்க. வயிறு பொரட்டுதுன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற மாத்தித் தருவாங்க.” அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தேன். அவர் நம்பிக்கையில்லாமல் தலையை ஆட்டினார். அப்போதுதான் சொன்னேன். “நானும் மாத்திரைதான் போடுறேன்.”

“எப்பலர்ந்து சார்?”

“ரொம்ப நாளா.”

“நான் கேட்டேனே, அன்னிக்கு?”

“அன்னிக்குக் காலையிலயும் போட்டேன். பொய் சொல்லிட்டேன் அண்ணா. பெருமைக்கு.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் காலில் இருந்த கட்டை மட்டும் பார்த்தார், விரல் இருக்க வேண்டிய இடத்தை. பிறகு திரைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“சாருக்கு டீ போடு. சக்கர போடாத.”

“இன்னாய்யா, சாருக்குத்தான் சுகரே இல்லன்னு சொல்லிக்கினு இருந்தே?” என்றார் அவர் மனைவி உள்ளேயிருந்து.

“கீது” என்றார் அவர், என்னைப் பார்க்காமல். “எனக்கு முன்னாடியே கீது.”